சீதனத்தில் கொஞ்சம் கண்டல்

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் கொழும்பு நண்பர்கள் எல்லோரும் ஒரே எச்சரிக்கையைத்தான் சொன்னார்கள். "பார்த்துப் போங்க. அந்த ஊர்க்காரர்கள் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்." வந்தவரை உட்கார வைத்த பாயிலேயே மந்திரம் போட்டு ஒட்டி, ஊரை விட்டுக் கிளம்பவிடாமல் செய்துவிடுவார்களாம். ஐம்பதைத் தாண்டி, தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்துவிட்ட ஒருவனை ஒட்ட வைத்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். "அதுவும் சரிதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டிருக்கலாம்.

நான் போனது வேலையாக. சுனாமி அடித்துப்போன கரைகளில் கண்டல் மரங்களை மறுபடி வளர்க்கும் திட்டம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. கண்டல் என்பது உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் வளர்கிற மரம். அலையின் வேகத்தைத் தணிக்கும், காற்றில் உள்ள கரியை இழுத்து வைத்துக்கொண்டு பூமியின் சூட்டைக் குறைக்கும், நடுகிற பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும். இதற்குப் 'பசுமை வேலை' என்று பெயர். அந்தப் பெண்களுக்காக எளிய தமிழில் ஒரு கைநூல் எழுத ஆள் தேடியிருக்கிறார்கள். பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் எளிமையாகத்தான் எழுதுவான் என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே எழுதி முடித்தேன். முதல் அத்தியாயத்துக்குக் 'காலநிலையோடு இசைந்து வாழ்தல்' என்று தலைப்பு வைத்துவிட்டு ஒரு வாரம் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். அச்சுக்குப் போகும் முன் யாருக்காக எழுதினீர்களோ அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள் என்றது திட்ட அலுவலகம். எழுத்தாளனை அவமானப்படுத்த இதைவிட நாகரிகமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மட்டக்களப்பு நகரில் முதல் காலை. விடுதியில் பிட்டும் மீன் சொதியும் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் புட்டு குழாயிலிருந்து உருளையாக விழும். இது உதிரி உதிரியாக, பூப்போல இருந்தது. அதன் தலையில் மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றியதும் ஒரு நிமிடம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு சொதியைக் காணவில்லை. அடுத்து ஒரு மண் சட்டியில் எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்றார் பரிமாறியவர். கவிழ்த்தும் காட்டினார். விழவில்லை. நான் வீட்டில் சாப்பிடுவதும் தயிர்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

வாகரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இடது பக்கம் வயல். வட்டை என்கிறார்கள். ஒரு வட்டை முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது என்று கிரான் தாண்டும்வரை பச்சை ஓயவில்லை. பக்கத்தில் ஓட்டமாவடி வியாபாரி ஒருவர், மடியில் தராசுத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். மரம் நடும் திட்டம் என்றேன்.

"நல்லம்" என்றார். "சுனாமிக்குப் பொறகு எல்லாருக்கும் தோணி குடுத்தாங்க. மீன் பிடிக்காத ஆளுக்கும் குடுத்தாங்க. எங்கட மாமாட மருமகன் தையல்காரன், அவனுக்கும் ஒரு தோணி. மறுகா பாத்தா களப்பில மீனை விடத் தோணி கூட. இப்ப மரம் குடுக்காங்க. மரம் நல்லம். ஒரு இடத்தில நிக்கும்."

ஓட்டமாவடிப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. அந்த நாட்களில் அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம்தான். ரயில் வருகிறது என்று வழியை மறித்துவிட்டார்கள். பஸ்காரர் இன்ஜினை அணைத்தார். எல்லோரும் இறங்கினோம். ரயில் வரவில்லை. டீ குடித்தோம். வரவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் ஒரு சங்கம் உருவாகியிருக்கும். இங்கே யாரும் கோபப்படவில்லை. வருடக்கணக்காகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிப் பழகியவர்களுக்கு ஒரு ரயிலுக்காகக் காத்திருப்பது ஓய்வு மாதிரி என்று வியாபாரி விளக்கினார். கடைசியில் ரயில் வந்தது. ஒற்றை இன்ஜின், பின்னால் ஒரு பெட்டியும் இல்லை. அது போகும் அழகை நாங்கள் எல்லோரும் மரியாதையோடு பார்த்து நின்றோம்.

வாழைச்சேனையில் திட்ட அலுவலர் விக்னராஜா தன் பிக்கப்போடு காத்திருந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். முப்பது வயது இருக்கும். எதையும் படம் வரைந்து விளக்கும் பழக்கம் உள்ளவர். வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடித் தூசியில் விரலால் கரையை வரைந்து காட்டினார். வழியில் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி இன்னும் முழுதாக எடுக்காத இடங்கள். போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழி. கடல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. களப்பு அசையவே இல்லை. முழு வானத்தையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு அது பாட்டுக்குக் கிடந்தது. நான் நகைச்சுவையாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று முயன்று, முடியாமல், வாயை மூடிக்கொண்டேன். விக்னராஜா, "எல்லாரும் இங்க வந்தா பேசமாட்டாங்க சார்" என்றார்.

கிராமம் களப்பு ஓரத்தில் இருந்தது. பெண்கள் வேலையில் இருந்தார்கள். தொடை வரை சேறு, இடுப்பில் நாற்றுக் கட்டு, தலையில் துண்டு. கண்டல் நாற்றை நான் அதற்கு முன் கையில் எடுத்ததில்லை. பிச்சாவரத்தில் படகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. முருங்கைக்காய் போல நீளமாக, பச்சையாக இருக்கிறது. இந்த மரம் விதையைக் கீழே போட்டுவிட்டு, பிழைத்தால் பிழைத்துக்கொள் என்று விடுவதில்லை. கிளையிலேயே முளைக்க வைத்து, வளர்த்து, நிற்கத் தெரிந்த பிறகுதான் கையை விடுகிறது. அது விழும்போதே ஈட்டிபோலச் சேற்றில் குத்தி நின்றுகொள்ளும். எங்கள் வீட்டில் முப்பது வயதாகியும் நிற்கத் தெரியாத ஒருவனை எனக்குத் தெரியும். அவனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அருகில் பார்க்கலாமென்று சேற்றில் இறங்கினேன். இரண்டாவது அடியில் வலது கால் முழங்கால்வரை போனது. மூன்றாவது அடி இல்லை. காலை இழுத்தேன். செருப்பு மட்டும் உள்ளேயே தங்க விரும்பியது.

"அசையாம நில்லுங்க" என்றாள் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. மலர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முன்பு இதே பக்கத்தில் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தவளாம். என் அக்குளில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேட்டில் போட்டாள்.

"அந்த வேலையில கால் வைக்கிறதுக்கு யோசிக்கணும் ஐயா" என்றாள். "இதில கால் எடுக்கிறதுக்கு யோசிக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

கொழும்பு நண்பர்கள் சொன்ன பாய் இதுதான் போலிருக்கிறது.

இரவு ஊரிலேயே தங்கி, மறுநாள் காலை கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் என் கைநூலை வாசித்தேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சில ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். 'காலநிலையோடு இசைந்து வாழ்தல்' வந்தது. யாரும் மெச்சவில்லை. ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "சினிமாவில கதைக்கிற மாதிரி வடிவாக் கதைக்கார் கா" என்றார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்: 'நடவு செய்யப்படும் நிலத்துக்குக் குடும்பத் தலைவரின் ஒப்புதல் ஏற்கெனவே பெறப்பட்டுள்ளது.'

சிரிப்பு முதலில் பின் வரிசையில் தொடங்கியது. பிறகு முன்னால் வந்தது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இருபது வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன். ஒரு கூட்டம் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் நான் சிரிப்புக்காக எழுதாத வாக்கியத்துக்கு.

"ஆர் குடுத்த ஒப்புதல்?" என்று கேட்டார் பருமனான ஓர் அம்மாள். பெயர் பரமேஸ்வரி. நடவுக் குழுவில் எல்லோருக்கும் முந்திச் சேற்றில் இறங்குகிறவர், எல்லோருக்கும் பிந்தி ஏறுகிறவர்.

விக்னராஜா எழுந்தார். "போன மாதம் கூட்டம் வச்சமே அக்கா. எல்லாக் குடும்பத் தலைவர்களும் வந்தாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க."

"அவங்க கை தூக்கினா என்ன, கால் தூக்கினா என்ன? அவங்கட காணியா அது?"

அந்த ஊரில் நிலமும் வீடும் பெண்களுடையவை. தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். கல்யாணம் ஆனதும் ஆண் தன் துணிமணியோடு மனைவி வீட்டுக்கு வந்து சேருவான். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், கொழும்பில் கூட்டத்தைத் திட்டமிட்டவர்களுக்கும் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே எழுதிய எனக்கும் தவிர.

விக்னராஜா, தள்ளி நின்ற பரமேஸ்வரியின் கணவர் சோமசுந்தரத்தைப் பார்த்தார். "அண்ணன், நீங்க சம்மதம் சொன்னீங்கதானே?"

"ஓம் சேர்" என்றார் சோமசுந்தரம், ஒரு கலக்கமும் இல்லாமல். "நீங்க அவ்வளவு தூரம் வந்து கேட்டீங்க. ஏலாது எண்டு எப்பிடிச் சொல்ற?"

"அப்ப காணி?"

"காணி அவட."

அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. என்னை ஓர் அம்மாள் கேட்டார். "ஐயா, ஊரில ஆருட வீட்டில இரிக்கீங்க?"

"என் வீட்டில்" என்றேன், சற்றே பெருமையாக.

"அப்ப உங்கட பெண்சாதி?"

"அவளும் என் வீட்டில்தான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம்" என்றார் அந்த அம்மாள். அன்று மாலை மனைவிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகவரி வேண்டும் என்றாள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பரமேஸ்வரியின் வளவு, அதாவது வீட்டோடு சேர்ந்த நிலம், வீதியில் தொடங்கிக் களப்பு வரை இறங்குகிறது. வீதிப் பக்கம் அவருடைய வீடு. களப்புப் பக்கத்துத் துண்டு மகள் சுகந்திக்கு. அங்கே வீடு கட்ட நாள் பார்த்து, மூலை குறித்து, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி ஒரு முளை அடித்திருந்தார்கள். அந்த முளைக்கு நாலு பக்கமும் திட்டத்தின் சிவப்பு நாடா கட்டிய முளைகள். கண்டல் வரிசை நேராக அந்தத் துண்டின் நடுவே போகிறது. நட்டுவிட்டால் அது பாதுகாக்கப்பட்ட காடு. அதற்குள் யாரும் வீடு கட்ட முடியாது. வீடு இல்லாமல் அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேச முடியாது. அவர் இத்தனை மாதம் சேற்றில் நின்று வாங்கிய கூலி, அதே துண்டின் ஓரத்தில் சீமெந்துக் கல்லாக அடுக்கிக் கிடந்தது. கண்டல் நட்டு மகளுக்கு வீடு சேர்த்தார். கண்டல் வந்து வீட்டின் இடத்தில் நின்றது.

"மாப்பிள்ள பகுதி வெள்ளிக்கிழம வளவு பாக்க வருது" என்றார் பரமேஸ்வரி. "அந்தச் சிவப்புத் துணியக் கழட்டுங்க சேர்."

"கோடு மாத்த ஏலாது அக்கா. ஒரு இடத்தில விட்டா மற்ற இடத்திலயும் கேப்பாங்க. பிறகு திட்டம் வேற ஊருக்குப் போயிரும்."

பின் வரிசையில் இருந்த மலர் நிமிர்ந்தாள். "ஓம். போகும். எங்க எல்லாருட வேலையும் போகும். ஒருத்திட மகள்ர வீட்டுக்காகவா மச்சாள்?"

"உனக்குப் புள்ள இல்ல, நீ சொல்லுவாய்" என்றார் பரமேஸ்வரி.

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. மலரின் வளவு பக்கத்து வளவு. அங்கே ஒரு வீட்டின் சீமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது. தரையின் நடுவில் ஒரு பூவரசு முளைத்திருக்கிறது. கணவனையும் மகனையும் கடல் அந்த வழியாகத்தான் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் ஊரின் மறுபக்கம், அண்ணன் மனைவியின் வீட்டில் இருக்கிறாள்.

மலர் எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டாள். "இருந்த புள்ளய எங்கால கொண்டுபோன எண்டு எனக்குத் தெரியும். அதுதான் கோட்டில ஓட்டை விடப்படாது எண்டுறன்" என்றாள். சேற்றுக்குப் போய்விட்டாள்.

நான் கைநூலை மூடி வைத்தேன். அதில் 'சமூக நலன்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மூன்று பக்கம். ஒரு பக்கமும் சண்டை இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் போனபோது பரமேஸ்வரியின் வளவில் துணி காயப்போட்டிருந்தார்கள். ஏராளமான துணி. வீட்டில் இருந்த அத்தனை சாரம், சேலை, போர்வை, கோணி எல்லாவற்றையும் சிவப்பு முளைகளுக்கு இடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். திட்டம் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு கப்பல் பாய் விரித்துக் கிளம்பப்போவது போல இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் குருக்கள்மடத்திலிருந்து வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள். மாப்பிள்ளை வரவில்லை. வீட்டைப் பார்ப்பது பெரியவர்கள் வேலை, அதில் குடியிருப்பது மட்டும்தான் அவன் வேலை. பரமேஸ்வரி என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவர் இந்தியாவில இருந்து வந்த எஞ்சினியர். வீட்டு விசயமா வந்திரிக்கார்."

நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஐயா, மண் எப்பிடி?" என்று தாய்மாமன் கேட்டார். "அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகணும்?"

என் வலது கால் அந்த ஊரில் எவ்வளவு ஆழம் போனது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். "முழங்கால் அளவு கட்டாயம் போகணும்" என்றேன். அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

சுகந்தி தேநீர் கொண்டுவந்தாள். மெலிந்த, தெளிவான முகமுள்ள பெண். என்னிடம் கோப்பையைக் கொடுக்கும்போது, "மன்னிச்சிக்கொள்ளுங்க எஞ்சினியர் ஐயா" என்று மெதுவாகச் சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் தேநீர். எனக்குச் சர்க்கரை இருப்பதை அன்று யாருக்கும் சொல்லவில்லை.

களப்பிலிருந்து காற்று கிளம்பித் துணிகளையெல்லாம் தூக்கியது. போர்வை ஒன்று எழும்பி, தாய்மாமனின் முகத்தில் சுற்றிக்கொண்டது. அவரை விடுவித்தபோது எல்லாச் சிவப்பு நாடாக்களும் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றன.

"இது என்ன?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

பரமேஸ்வரி போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். சோமசுந்தரம் வானத்தைப் பார்த்தார். சுகந்திதான் சொன்னாள். "கண்டல் நடப்போறாங்க மாமி. வீடு வாற இடத்தால. அம்மா அதை மறைச்சிட்டா."

நான் அங்கே இல்லாத ஒரு தூணைத் தேடினேன், அதற்குப் பின்னால் நிற்கலாமென்று. மாப்பிள்ளையின் தாய் களப்பின் ஓரம்வரை நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்று, தூரத்தில் ஏற்கெனவே நட்டு இலைவிட்ட வரிசையைப் பார்த்தார். பென்சில் முனை அளவுக்குப் பச்சை, தண்ணீருக்கு மேலே, கண்ணுக்கு எட்டும்வரை.

"இது எவ்வளவு உசரம் வளரும்?"

"வீட்டை விட உசரமா" என்றது ஒரு குரல். மலர். வேலியோரம் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"எங்கிட ஊரில கரையில ஒண்டும் இல்ல" என்றார் மாப்பிள்ளையின் தாய். "மணல்தான். கடல் வந்த நேரம் மறிக்கிறதுக்கு ஒரு செடி இல்ல. எங்கிட அக்காவக் கொண்டுபோச்சு. அவட வீட்டையும்." பிறகு திரும்பி, பரமேஸ்வரியைப் பார்த்துச் சொன்னார். "வீடு இரிக்கட்டும் சம்பந்தி. ஆனா முன்னால இந்த மரம் நிக்கணும். அது இல்லாத வளவுக்கு மகனை அனுப்ப மாட்டன். நட்டு, இலை விடட்டும். மறுகா நாள் வைப்பம்."

நகை கேட்ட சம்பந்தியைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டர் கேட்டவரை, மாப்பிள்ளைக்கு வேலை கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். என் தங்கையின் மாமனார் வெள்ளியில் கூஜா கேட்டார். சீதனத்தில் கண்டல் கேட்ட அம்மாவை அங்கேதான் பார்த்தேன். விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. எஞ்சினியர் அப்படிச் செய்வது முறையல்ல என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மாலையில் விக்னராஜா வந்தார். சேதியைச் சொன்னார்கள். அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். கரை, கோடு, வீடு. வீட்டைக் கோட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டுமானால் கோடு அந்த இடத்தில் களப்புக்குள் வளைந்து இறங்க வேண்டும். அங்கே தண்ணீர் ஆழம். கரை ஓரத்துச் சேறு நாற்றைப் பிடித்துக்கொள்ளும், அங்கே உள்ள சேறு பிடிக்காது.

"படத்தில கோடு அறாம வளைஞ்சா நான் கொழும்புக்குச் சொல்லிக்கொள்ளுவன்" என்றார். "ஆனா அந்த ஆழத்தில நட்டா பாதிக்கு மேல நிக்காது. நிக்காத நாத்துக்குத் திட்டம் கூலி தராது. அதைச் சொல்லாம விட ஏலாது."

பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே தண்ணீரில் நின்று, கூலி இல்லாமல், அடுத்தவள் மகளின் வீட்டுக்காக நட வேண்டும். யாரையும் யாரும் கேட்கவில்லை. பரமேஸ்வரி தலை குனிந்தபடி, "நான் தனிய நட்டுக்கொள்ளுவன்" என்றார்.

"தனிய நட்டா உன்ர பேரப்புள்ளதான் கலியாணம் முடிக்கும்" என்றாள் மலர்.

மறுநாள் காலை நான் போனபோது மலர் தண்ணீரில் இருந்தாள். நெஞ்சுவரை. ஒரு தோணியைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். தோணி நிறைய நாற்று. அந்தத் தையல்காரர் பெற்ற தோணியாகக்கூட இருக்கலாம். ஒரு நாற்றை எடுத்து, மூச்சைப் பிடித்து, தலை முழுதும் தண்ணீருக்குள் போய், மேலே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். நாற்று சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கம்பு. பரமேஸ்வரி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்காய் மச்சாள்?" என்று மலர் சத்தம் போட்டாள். "என்னக் கூலிக்கா பிடிச்ச நீ? இறங்கு கா."

பரமேஸ்வரி இறங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக. வேலைக்குக் கிளம்பும்போது எப்போதும் இருக்கும் பேச்சும் கேலியும் அன்று இல்லை. வெயில் ஏறியபோது தண்ணீருக்கு மேலே தலைகள் மட்டும் தெரிந்தன. தலைகள் ஒவ்வொன்றாக முங்கின, எழுந்தன. மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய அந்த முளையை அணைத்தாற்போல ஒரு வளைவு, தண்ணீருக்குள் மெல்ல மெல்ல வந்தது. களப்பு முழுவதும் வானம். அந்த வானத்தில்தான் அவர்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வார்த்தைதான் தொழில். அன்று வேலைக்குப் போகவில்லை.

நான் கிளம்பும் நாளுக்கு முதல் இரவு காற்று பலமாக அடித்தது. காலையில் விடைபெறப் போனேன். பையில் தயிர்ச் சட்டி, காத்தான்குடி மஸ்கற் இனிப்பு, ஒரு கருவாட்டுப் பொட்டலம், திருத்த வேண்டிய கைநூல். பத்து மணி பஸ். வளவின் கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். வளைவில் பாதி நாற்றுகள் இல்லை. சில மிதந்தன, சில கரையில் ஒதுங்கிக் கிடந்தன. கம்புகள் மட்டும் குருட்டாம்போக்கில் சாய்ந்து நின்றன.

பெண்கள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். யார் முகத்திலும் ஒரு துக்கமும் இல்லை. சுகந்தியும் இறங்கியிருந்தாள். கல்யாணப் பெண் வெயிலில் நிற்கக்கூடாது என்று பரமேஸ்வரி கத்த, "என்ர காணிக்குத்தானே நடுறன்" என்று அவள் பதில் கொடுத்தாள்.

"இதுவும் போனால்?" என்று மலரிடம் கேட்டேன்.

"திரும்ப நடுவம்."

"அதுவும் போனால்?"

அவள் என்னை, அத்திவாரத்துக்கு ஆழம் சொன்ன எஞ்சினியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நிக்காத மட்டும் நடுவம். நிண்டா கலியாணம்." பிறகு, "கரையில ஒதுங்கிக் கிடக்கிறதப் பொறுக்கித் தாங்க ஐயா. சும்மாதானே நிக்கீங்க."

பையை மேட்டில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன், இந்த முறை நானாகவே. ஒதுங்கிய நாற்றுகளைப் பொறுக்கி, ஒரு கட்டாகச் சேர்த்து, இடுப்பளவு தண்ணீர்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை நானே நட்டுப் பார்க்கிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை. குனிந்து, கண்ணை மூடி, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏற, அதைச் சேற்றில் குத்தினேன். வீதியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. காலை இழுத்தேன். வரவில்லை. ஹாரன் இன்னொரு முறை கேட்டது, பிறகு தூரத்தில் கேட்டது.

"அடுத்த பஸ் பின்னேரம்" என்றார் பரமேஸ்வரி. "தயிர் புளிச்சிரும், அத மட்டும் நிழல்ல வைக்கச் சொல்லுறன்."

நான் நட்ட நாற்று மெதுவாகச் சாய்ந்தது. மலர் நீந்தி வந்தாள். அதைப் பிடுங்கினாள். முங்கி, அதே இடத்தில் நேராக நட்டுவிட்டு, அடுத்த கட்டுக்காகக் கையை நீட்டினாள்.